கைரேகை அறிக்கையும் பட்டறைக் கணக்கு நோட்டும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் தங்கள் மகளுக்குக் கைரேகை வைத்து எடுத்த அறிக்கையை முழுவதும் படித்தேன். கணித நுண்ணறிவு குறைவு, இயற்கை நுண்ணறிவு மிகுதி, பார்த்துக் கற்கும் வகை என்று அதில் போட்டிருப்பதால், கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிக்கையை நம்பி அப்படிச் செய்ய வேண்டாம். விரல் ரேகை பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் கணக்கறிவைச் சதவீதத்தில் அளக்கலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

நுண்ணறிவு ஒன்றல்ல, பல என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் ஏழு வகைகளாக முன்வைத்தார்; இயற்கை சார்ந்த அறிவைப் பிற்பாடுதான் எட்டாவதாகச் சேர்த்தார். உளவியலாளர் பலர் அக்கொள்கையை இன்றளவும் ஏற்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, தம் கொள்கையும், பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிக்கும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். இரண்டையும் ஒரே கோப்பில் தைத்துத் தருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

கற்றல் பாணி விஷயத்தில் என் பங்குக்கும் தவறு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, 'நீ பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவன்' என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் அடுத்த மாதம் வந்து, "படம் இல்லாத பாடம் எனக்கு ஏறாது சார், நீங்கதானே சொன்னீங்க" என்று வரலாற்றுப் புத்தகத்தையே மூடிவைத்துவிட்டான். அன்றோடு அந்தத் தாளை விட்டேன். பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் உறுதிப்படுத்தியது. எந்தப் பிள்ளைக்கும் பயன்படுவது, படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதுதான். 2006-இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதமே நினைவிலிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

இனி, தங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் கொலுசுப் பட்டறையில் சனிக்கிழமைதோறும் கணக்கு முடிப்பது அவள்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த வெள்ளி இவ்வளவு, திரும்பி வந்த கொலுசு இவ்வளவு, சேதாரம் போகக் கூலி இவ்வளவு என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்கிறாள். எடை குறைந்தால், வயதில் மூத்த தொழிலாளியிடம் "அண்ணா, இன்னொரு தடவை தராசுல வச்சுப் பார்க்கலாமா" என்று நிதானமாகக் கேட்கிறாள். அவள் கணக்கில் பலவீனமானவள் என்றும், கூச்ச சுபாவத்தால் நாலு பேரோடு பழகும் வேலைக்கு ஆகமாட்டாள் என்றும் எப்படி முடிவு கட்டினீர்கள்? கல்யாண வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது வேறு, தனக்குத் தெரிந்த காரியத்தில் வாய் திறப்பது வேறு. பள்ளியில் மதிப்பெண் குறைந்தது இயற்கணிதத்திலா, வடிவியலிலா என்று விடைத்தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள். ஓரிரு பாடங்களில் விழுந்த ஓட்டையாக இருந்தால் கோடை விடுமுறையிலேயே அடைத்துவிடலாம்.

தோட்டக்கலை படிக்கட்டும் என்ற அறிக்கையின் யோசனையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டில் அத்தை வீட்டுக் காப்பித் தோட்டத்தில் விடுமுறையைக் கழிக்கப் பிடிப்பதும் அதையே பிழைப்பாகக் கொள்ளப் பிடிப்பதும் ஒன்றல்ல. இந்த முறை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகும்போது, அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவளை அரை நாள் பார்க்கச் செய்யுங்கள். திரும்பும் வழியில் அவள் என்ன கேள்வி கேட்கிறாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூவைப் பற்றியா, மண்ணையும் நோயையும் பற்றியா, விலையைப் பற்றியா என்பது எனக்கு உதவும்.

அதுவரை கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவையே மனத்தில் வையுங்கள். பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதம் மட்டும் 100. அந்தக் கதவை இப்போதே சாத்த வேண்டியதில்லை. விண்ணப்பம் கொடுக்கும் முன் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். அறிக்கைக் கோப்பு வேண்டாம், பட்டறைக் கணக்கு நோட்டை எடுத்து வாருங்கள்.