டாக்டருக்கு எதற்குக் கடற்படைப் பதவி?

வணக்கம் ஐயா,

என் மகள் கோலாலம்பூரில் ஹவுஸ்மேன்ஷிப் என்ற டாக்டர் பயிற்சிப் பணியை முடிக்கப் போகிறாள். அப்புறம் கடற்படையில் டாக்டராகச் சேர வேண்டும் என்கிறாள். வீட்டில் ஒரே சண்டை. "கத்தி பிடிக்கிற கையில எதுக்குத் துப்பாக்கி?" என்கிறார் என் அண்ணன். என் கவலை வேறு. வைத்தியம் பார்க்கிறவளுக்குப் பதவியும் சீருடையும் எதற்கு? கேப்டன் ஒன்று சொல்லி, அவள் படிப்பு வேறொன்று சொன்னால், யார் பேச்சைக் கேட்பாள்? பெயர் போட வேண்டாம்.

ஒரு தாய், செந்தூல்

அன்புள்ள சகோதரி,

பதவி எதற்கு என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கப்பலில் டாக்டரின் பேச்சு எடுபட வேண்டும், அதற்குத்தான்.

1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் மருத்துவராக இருந்தார். ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரமே தேறினார்கள். ஆனால் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கும்படி உத்தரவு வந்தது 1795-இல். நடுவில் 48 வருடங்கள் போய்விட்டன. லிண்டும் தன் முடிவை அழுத்திச் சொன்னவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் காலத்தில் கப்பல் மருத்துவர் முழு அதிகாரி கிடையாது. அந்த அந்தஸ்து 1843-இல்தான் கிடைத்தது. 1795-இல் உத்தரவு வரக் காரணமாக இருந்த கில்பர்ட் பிளேன் அட்மிரல்களோடு பழகிய மருத்துவர், கடற்படையின் நோயாளர் வாரியத்திலேயே இடம் பிடித்தவர். அந்த இடம் கிடைத்த பிறகுதான் காரியம் நடந்தது.

ஜப்பானியக் கடற்படைக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1882-இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா என்று நீண்ட பயணம் கிளம்பியது. கப்பலில் 376 பேர். அவர்களில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது, 25 பேர் இறந்தார்கள். கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும் நோய் அது. கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோவுக்குச் சாப்பாட்டின் மேல் சந்தேகம். மாலுமிகள் வெள்ளை அரிசிச் சோற்றையே பெரும்பாலும் தின்றார்கள். அவர் மேலதிகாரிகளிடம் வாதாடினார், பேரரசர் வரைக்கும் விஷயத்தைக் கொண்டு போனார். 1884-இல் சுக்குபா என்ற கப்பல் அதே வழியில் வேறு சாப்பாட்டோடு போனது. இறைச்சி, பார்லி, பால் எல்லாம் சேர்ந்தன. இந்த முறை நோய் கண்டவர்கள் 14 பேர்தான். ஒருவரும் சாகவில்லை. புரதம் குறைவதால் வரும் நோய் என்று தக்காகி நினைத்தது தவறு. குறைந்தது வைட்டமின் பி1. ஆனாலும் ஆட்கள் பிழைத்தார்கள். ஒரு கப்பலின் சமையலறையையே மாற்றச் சொல்லும் இடத்தில் அந்த டாக்டர் இருந்தார்.

பெரிபெரி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு முழு விடை கிடைப்பதில் உங்கள் கோலாலம்பூருக்கும் பங்கு உண்டு. மலாயாவில் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அதே மண்ணில் வேலை செய்த நம் ஆட்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. என்ன காரணம்? புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து அவித்துக் காய வைக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுதாகப் போகாது. 1905-இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு பாதிப் பேருக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி என்று கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி வெள்ளை அரிசிப் பக்கம்தான் பரவியது. 1900-இல் அங்கே தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பிரேசரும் ஸ்டான்டனும் அதை மேலும் உறுதி செய்தார்கள். சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் புழுங்கல் அரிசிச் சாக்கைப் பிரிக்கும்போது வரும் புளித்த வாடை எனக்குப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்கள் பாட்டன்மாரை நடக்க வைத்தது அந்தச் சாக்குதான் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, யார் பேச்சைக் கேட்பது? கப்பலை நடத்துவது கேப்டன். அந்தக் கட்டளை அதிகாரம் டாக்டருக்கு வராது, வரவும் கூடாது. நோயாளியை இறக்கக் கப்பலைத் திருப்புவதா என்று கேப்டன் முடிவு செய்வார். திருப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். 'இவர் ஒரு வாரம் வேலைக்கு ஆகாது' என்று எழுதினால் போதும், நோயாளியின் அந்தரங்கத்தை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் காயப்பட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதில் கேப்டனுக்கும் வேலை இல்லை. 1949-இன் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை கடலில் காயப்பட்டவர்களுக்காகவே எழுதப்பட்டது. எதிரியானாலும் சரி, சிகிச்சையின் அவசரத்தை வைத்துத்தான் முந்தி பிந்தி பார்க்க வேண்டும் என்கிறது அது. உங்கள் அண்ணனுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் ஆயுதம் வைத்திருக்கலாம், தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க மட்டும்.

காகிதத்தில் எழுதுவது எளிது என்பீர்கள். பினாங்கில் நடந்ததைச் சொல்கிறேன். யாரையாவது 'பெரிய எம்டன்' என்று சொல்கிறோமே, மதராஸில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பல்தான். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. அப்புறம் எம்டன் நின்றது. படகுகளை இறக்கி, தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கியது. சற்று முன் அவர்களைச் சுட்ட கப்பலின் டாக்டர்களே அவர்களுக்குக் கட்டுப் போட்டார்கள். சிலர் பிழைக்கவில்லை. மற்றவர்களை இரண்டு நாள் கழித்து ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை நொறுக்கியபோது, ஜெர்மன் மாலுமிகளுக்கு அறுவை செய்தவர் சிட்னியின் டாக்டர் லியோனார்டு டார்பி. எம்டனின் டாக்டர் லூதர் அவரோடு நின்று உதவினார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாதாரண நாளில் இவ்வளவு பரபரப்பு இருக்காது. குடிதண்ணீர், சமையல்கூடம், இயந்திர அறையின் வெப்பம், பல்வலி, கடல்மயக்கம், இவற்றைக் கவனிப்பதே பெரும் வேலை. கடற்படைத் தளம் இருக்கும் லுமுட்டில், இராணுவ மருத்துவமனையில் உயர் அழுத்த அறை உண்டு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த முக்குளிப்பாளர்களின் உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டும். அவர்களை அழுத்தத்தில் வைத்து, அதை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். உங்கள் மகளுக்குக் கடற்படைக்கு வெளியே இதைக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். ஒரு குறையையும் மறைக்க மாட்டேன். கப்பலில் இருப்பவர்கள் இளவட்டம், திடமானவர்கள். பெரிய வியாதிகள் கண்ணில் படாமல் கை மழுங்கலாம். இடையிடையே பெரிய மருத்துவமனையில் எத்தனை மாதம் வேலை கிடைக்கும், எத்தனை வருட ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை என்று யாராவது இழுத்தால், மகப்பேறு மருத்துவர் புனிதா அரோராவைச் சொல்லுங்கள். இந்தியத் தரைப்படையில் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் அவர், பிறகு கடற்படையில் வைஸ் அட்மிரல் ஆனார்.

மகள் பினாங்கு வந்தால் எனக்குத் தெரிவியுங்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச் சின்னம் இருக்கிறது, நானே அழைத்துப் போகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் வெயில் தெரியாது. அண்ணனையும் கூட்டி வாருங்கள்.