இரட்டைப் பந்தும் ரமலான் கோப்பையும்: ஈரானியர் அணியில் ஆடப் போகிறவருக்கு

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் ஈரானிய நண்பர்கள் வார இறுதியில் ‘கோல் கூச்சிக்’ என்ற சின்ன கோல் ஆட்டம் ஆடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பந்துக்குள் இன்னொன்றைத் திணித்து ஒரே பந்தாக்கி வைத்திருக்கிறார்கள். ஊரில் பதினொரு பேர் கால்பந்து ஆடிப் பழகிய எனக்கு அந்தப் பந்து காலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த பந்தைச் செய்து கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. ரமலான் மாத ஃபுட்சால் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) போட்டிக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பந்தை எப்படிச் செய்வது, நான் எப்படித் தயாராவது?

பதில்: பந்திலிருந்தே தொடங்குவோம். அதைச் சரியாகச் செய்து இரண்டு மூன்று வாரம் அதோடு பழகினால், ஃபுட்சாலுக்கு வேண்டிய கால்பழக்கத்தில் பாதி தானாக வந்துவிடும்.

தெஹ்ரானிலும் இஸ்ஃபஹானிலும் அபாதானிலும் சந்துகளில் ஆடிய பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டியது கோடுபோட்ட லேசான பிளாஸ்டிக் பந்துதான். தனியாக அதை உதைத்தால் காற்றில் வளைந்து எங்கோ போய்விடும். தார்ச் சாலையில் விழுந்தால் நெஞ்சுயரம் துள்ளும். ஆகவே பழைய பந்து ஒன்றைக் கிழித்துப் புதிய பந்தின்மேல் மாட்டினார்கள். எடை இருமடங்காகிறது, காற்று இழுத்துப்போவதில்லை, இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று உரசித் துள்ளலை அடக்கிவிடுகின்றன. இதைத்தான் உங்கள் நண்பர்கள் ‘தோலாயெ’ என்பார்கள்.

ஒரே அளவில் இரண்டு பந்துகள் வாங்குங்கள். வெளியே வரப்போவது கொஞ்சம் பழையதாக, வெயிலில் கிடந்து இளகியதாக இருந்தால் நல்லது. ஆனால் வெளுத்து மொரமொரப்பானது ஆகாது. முதல் ஆட்டத்திலேயே பிளந்துவிடும். உள்ளே போவது புதியதாகவும் ஓட்டையில்லாததாகவும் இருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தப் பந்தை வெளியடுக்காக்கிக்கொள்ளலாம்.

கீறலின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கீறலின் இரண்டு உதடுகளும் விரியும்போது உண்டாகும் வாய், உள்ளே போகும் பந்தின் சுற்றளவுக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். 22 செ.மீ. விட்டமுள்ள பந்தின் சுற்றளவு சுமார் 69 செ.மீ. இரண்டு உதடுகளுக்கும் சேர்த்துத்தான் அந்த 69. எனவே கீறல் அதில் பாதி, 34 செ.மீ. போதும். பிளாஸ்டிக் கொஞ்சம் இழுபடும் என்பதால் 30 செ.மீ. கீறிவிட்டு முயலுங்கள்; போகாவிட்டால் ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் 40 செ.மீ. கீறிவிட்டால் ஆட்டத்தின் நடுவே உள்பந்து வெளியே குதித்து ஓடும். உள்ளே போகும் பந்து ஊசி போட்டுக் காற்றடிக்கக்கூடிய வகையாக இருந்தால் வேலை இன்னும் எளிது: காற்றைப் பிடுங்கி மடித்து 15 செ.மீ. கீறலில் நுழைத்து, உள்ளே வைத்தே மறுபடி அடிக்கலாம். காற்றுத்துளை கீறலுக்கு நேராக இருக்கும்போதே ஊசியைச் செருக வேண்டும்.

வெளிப்பந்தின் ஒட்டுக்கோட்டின்மேல் கீறாதீர்கள். அது பிளாஸ்டிக்கின் பலவீனமான இடம், கிழிசல் அதன் வழியே ஓடிவிடும். ஒட்டுக்கோட்டுக்குக் குறுக்காகவும் வேண்டாம். அதிலிருந்து தள்ளி, அதற்கு இணையாகக் கீறுங்கள். கீறலின் இரு முனைகளிலும் சூடுகாட்டிய ஆணியால் ஒரு வட்டத்துளை போட்டுவிடுங்கள். கூர்முனையில் தொடங்கும் கிழிசல் மேலே போய்க்கொண்டே இருக்கும்; வட்டத்துளையில் வந்து நின்றுவிடும். இந்த இரண்டு துளைகள் போட்ட பந்து, போடாததைவிடப் பல ஆட்டங்கள் கூடத் தாங்கும்.

பிறகு கீறிய பந்தைப் பத்து நிமிடம் சூடான தண்ணீரில் போடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், கொதிநீர் வேண்டாம். எடுத்ததும் ஒருவர் இரு கைகளாலும் வாயை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் உள்பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் இதை அழுத்தி இறக்க வேண்டும். சோப்பு நீரோ எண்ணெயோ தடவினால் சுலபமாகப் போகும்தான். ஆனால் உள்பந்து ஆடும்போதும் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வெறும் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும். கடைசியாக உள்பந்தின் அடைப்பான் கீறலுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்படி விரலால் திருப்பிவிடுங்கள். கீறலுக்குக் கீழேயே அடைப்பான் இருந்தால் நாலு உதையில் காற்று இறங்கும்.

முடிந்ததும் கீறல் ஒரு கோடாக மூடியிருக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தால் உள்பந்தில் காற்று அதிகம், அல்லது அது பெரியது. திறந்த உதடு தார்ச் சாலையில் உராய்ந்து மடங்கும், மணல் உள்ளே போகும். மணல் போனால் உள்பந்தை அது அறுத்தெடுத்துவிடும். கீறலின்மேல் பிளாஸ்டர் ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒட்டிய பக்கம் கனத்து, பந்து நொண்டியடிக்கும். வளைகுடா வெயிலில் காரின் பின்பெட்டியில் பந்தைப் போட்டு வைப்பதும் கூடாது. உள்காற்று விரிந்து கீறலைப் பிளந்துவிடும்.

சோதனை ஒன்று உண்டு. ஃபுட்சால் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி. உங்கள் இரட்டைப் பந்தையும் சுவரில் கோடு போட்டு அப்படியே விட்டுப் பாருங்கள். முழங்காலைத் தாண்டி வெகு உயரம் எழும்பினால், முடிந்தால் உள்பந்தின் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவதாக ஓர் அடுக்கு. ஆனால் மூன்றடுக்குப் பந்து பாதத்தைப் பதம் பார்க்கும், சிறுவர் ஆடும் இடத்தில் தவிருங்கள்.

உங்கள் காலில் பந்து நிற்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. புல்தரையில் ஐந்தாம் எண் பந்தை உட்பாதத்தால் அணைத்துப் பழகியவர், வரும் பந்தின் வேகத்தைக் காலைப் பின்னிழுத்து வாங்குவார். துள்ளாத பந்து தரையோடு ஒட்டிவரும். அதற்கு அடிப்பாதம்தான் வேண்டும். குதிகாலைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வைத்து, முன்பாதத்தைச் சற்றே தூக்கி, பந்தின் மேல்முகத்தில் ஆப்பு வைப்பதுபோல நிறுத்துங்கள். மிதிக்கக் கூடாது. மிதித்தால் இரட்டைப் பந்தின் மேலடுக்கு நழுவும், நீங்களும் விழுவீர்கள். நிறுத்திய அதே அடிப்பாதத்தால் உருட்டி அடுத்த திசைக்குக் கொண்டுபோவதுதான் ஈரானியச் சந்து ஆட்டத்தின் உயிர். ஒரு சுவரின் முன் நாளுக்கு இருபது நிமிடம்: வலது அடிப்பாதத்தில் நிறுத்தி இடதால் அடி, பிறகு மாற்று. வேறு பயிற்சி எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை.

சந்து ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டவை அல்ல, தெருவுக்குத் தெரு மாறும். பொதுவானவை சில. பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர். கோல்காப்பாளர் இல்லை, யாரும் கை வைக்கக் கூடாது. கோல் என்பது இரும்புக் குழாயில் பற்றவைத்த ஒரு சின்னச் சட்டம், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். அது இல்லாவிட்டால் இரண்டு செங்கல். மூன்று கார்னர் சேர்ந்தால் ஒரு பெனால்ட்டி. அதைத் தூரத்திலிருந்து காலிக் கோலுக்குள் அடிக்க வேண்டும். மூன்றாவது அணி வெளியே காத்திருந்தால் இரண்டு கோல் வாங்கியவர் வெளியேறுவார், வென்றவர் தொடர்வார். இரு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பதை ‘யார்கெஷி’ என்பார்கள். கால்களுக்கு இடையே பந்தை விடுவது ‘லாயி’. அது கோல் வாங்குவதைவிடப் பெரிய அவமானம், எனவே கால்களை அகட்டி நிற்காதீர்கள். தெஹ்ரான் தெருக்களின் ஓரம் ஓடும் ‘ஜூப்’ என்ற திறந்த வாய்க்காலில் பந்து விழுந்தால், கடைசியாக உதைத்தவர் போய் எடுத்துவர வேண்டும். வாய்க்கால் இல்லாத துபாய் வாகன நிறுத்தத்திலும் எடுத்துவரும் வழக்கம் மட்டும் மாறாது.

கோலின் முன்னால் ஒருவர் அசையாமல் நிற்கலாமா, தன் பாதியிலிருந்து அடித்த பந்து கோலாகுமா, சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில் இருக்கிறதா: இந்த மூன்றையும் பந்து நகர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சண்டைகள் பெரும்பாலும் இவற்றில்தான்.

இனி ஃபுட்சால். இந்த ஆட்டத்தில் ஈரான் ஆசியாவின் தலைமகன். 1999 முதல் 2024 வரை நடந்த 17 ஆசியக் கோப்பைகளில் 13 ஈரானுக்கு. மற்ற நான்கும் ஜப்பானுக்கு. 2016 உலகக் கோப்பையில் கொலம்பியாவில் பிரேசிலை 4–4 என்று நிறுத்திப் பெனால்ட்டியில் வெளியேற்றி, கடைசியில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். அன்று பிரேசிலின் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபால்காவுக்கு அதுவே கடைசி உலகக் கோப்பை ஆட்டம் என்பதறிந்து, வென்ற ஈரானியரே அவரைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாடினார்கள். மகளிர் அணியும் 2015, 2018 ஆகிய இரண்டு ஆசியப் பட்டங்களை வென்றது. வஹீத் ஷம்சாயீ என்ற பெயரை உங்கள் நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். 300க்கும் மேற்பட்ட சர்வதேச கோல்கள் அடித்தவர், பின்னர் தேசிய அணியின் பயிற்சியாளரும் ஆனார். சந்தில் அடிப்பாதம் பழகிய பிள்ளைகளுக்குத் துள்ளாத ஃபுட்சால் பந்து புதிதாகத் தெரியவில்லை என்பதே இந்த வலிமைக்கு முதல் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் கால்பழக்கம் கைகொடுத்தாலும் விதிகள் வேறு. பதினொரு பேர் ஆட்டத்திலிருந்து வருகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது நான்கு நொடியில். பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிவதில்லை. கோட்டில் அசையாமல் வைத்துக் காலால் உதைக்க வேண்டும், அதுவும் நான்கு நொடிக்குள். கார்னர், ஃப்ரீ கிக், கோல்காப்பாளர் தன் பாதியில் பந்தை வைத்திருப்பது, எல்லாவற்றுக்கும் அதே நான்கு நொடி. காப்பாளர் ஒருமுறை பந்தை விட்ட பிறகு, எதிரணியினர் யார்மீதும் படாமல் தன் பாதியில் மறுபடி வாங்க முடியாது. பழக்க தோஷத்தில் அவரிடம் திருப்பி அனுப்பாதீர்கள், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோலடிக்க முடியாத உதை) போய்விடும்.

அடுத்தது ஃபவுல் கணக்கு. ஒரு பாதியில் அணி செய்யும், நேரடி ஃப்ரீ கிக் தரும் ஃபவுல்கள் ஐந்து வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தடுப்புச் சுவர் இல்லாமல் 10 மீட்டரிலிருந்து நேர் உதை. சந்து ஆட்டத்தில் சட்டையைப் பிடிப்பதும் தோளால் இடிப்பதும் யாரும் எண்ணாத விஷயங்கள். இங்கே மேசையில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். நான்காவது ஃபவுல் விழுந்ததும் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மாற்று ஆட்டக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம், ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தன் அணியின் மாற்றுப் பகுதியில்தான், வெளியே வருபவர் வந்த பின்புதான் உள்ளே போகலாம்; முந்தினால் மஞ்சள் அட்டை. இரண்டு மூன்று நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வருவதே முறை. பத்து நிமிடம் நின்று ஆடுவது வீரம் அல்ல, உங்கள் பக்கம்தான் ஓட்டையாகும்.

40 × 20 மீட்டர் களத்தில் பந்தில்லாத நேரத்தில் நிற்பது பெரிய குற்றம். பாஸ் கொடுத்ததும் மூன்றடியாவது நகருங்கள். நண்பர்கள் கத்துவதில் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: ‘தன்ஹாயீ’ என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, திரும்பலாம், ‘போஷ்தெத்’ என்றால் முதுகில் ஆள், ‘பர்கர்த்’ என்றால் திரும்பி வா.

காலணி தட்டை ரப்பர் அடிப்பகுதி கொண்டதாகவும் தரையில் கோடு விழாததாகவும் இருக்கட்டும். ஆணிக் காலணியோடு அரங்கத்துக்குள் விடமாட்டார்கள்.

ரமலான் போட்டிகள் நோன்பு திறந்த பிறகு, பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல் நடக்கும். ஈரானிலும் இது நெடுநாள் வழக்கம். நீங்கள் நோன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நண்பர்களின் இஃப்தாருக்கு அழைக்கப்படுவீர்கள். ஆஷெ ரெஷ்தெ என்ற கீரை நூடுல்ஸ் கஞ்சியும், இறைச்சி சேர்த்த கோதுமை ஹலீமும், பாகில் ஊறிய ஸூல்பியாவும் பாமியேயும் வரும். ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தால் பேரீச்சை, தேநீர், ஒரு சின்னக் கிண்ணம் ஆஷ் வரை சரி. ஹலீமும் இனிப்பும் ஆட்டம் முடிந்த பிறகு. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் கால் மணிக்கு ஒரு கோப்பை என்று பிரித்துக் குடியுங்கள். நோன்பு இருந்தவர் வயிறு முட்ட நீரைக் குடித்துவிட்டு ஓடினால் விலாவில் பிடித்துக்கொள்ளும். பகல் முழுக்க வற்றிய உடம்போடு குடிக்காமலே ஓடினால் கெண்டைக்கால் இழுக்கும். வழக்கமான பத்து நிமிடத் தயார்ப் பயிற்சியைப் பதினைந்தாக்குங்கள்.

அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை இன்னும் சில. முறையான ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு, பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். ஒரே இரவில் பல ஆட்டங்களை முடிக்க வேண்டிய உள்ளூர்ப் போட்டிகளில் நேரத்தைக் குறைத்து, கடிகாரத்தை ஓடவிடுவது உண்டு. அப்படியானால் முன்னணியில் இருக்கும் அணி வேண்டுமென்றே நேரத்தைக் கரைக்கும். தொடக்கத்திலேயே கோல் தேடுங்கள். சறுக்கி மறிப்பதைத் தடை செய்திருக்கிறார்களா, சமநிலையானால் நேராகப் பெனால்ட்டியா, சிவப்பு அட்டை விழுந்தால் இரண்டு நிமிடம் கழித்து மாற்றாள் இறங்கலாம் என்ற விதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கி அணிக் குழுவில் போட்டுவிடுங்கள்.