ஜெராய் மலை பக்கத்திலேயே இருந்தும் டிவி 2 ஏன் உடைகிறது?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். டிவி 2-இல் தமிழ்ச் செய்தி பார்க்காவிட்டால் அப்பாவுக்கு அன்றைய நாள் முடிந்ததாகவே இருக்காது. இரண்டு மாதமாகப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கி, பழைய ஏரியலோடு மாட்டினேன். இப்போது டிகோடரில் சிக்னல் 96 காட்டுகிறது, ஆனால் படம் முன்பைவிட மோசம். டிவி 2-ஐ நடத்தும் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்.மின் நிலையம் அலோர்ஸ்டாரில்தானே இருக்கிறது, ஏரியலை அந்தப் பக்கம் திருப்பவா? அல்லது டிஷ் போட்டுவிடவா?

பதில்: டிஷ் வாங்கும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அலோர்ஸ்டார் பக்கமும் திருப்ப வேண்டாம்.

நிலையம் வேறு, ஒளிபரப்புக் கோபுரம் வேறு. மாநில நிலையத்தில் செய்தி சேகரிப்பார்கள், கெடா வானொலியை நடத்துவார்கள். நீங்கள் பார்க்கும் டிவி 2 கோலாலம்பூர் அங்காசாபுரியிலிருந்து புறப்படுகிறது. அதை மற்ற சேனல்களோடு சேர்த்துக் கட்டி நாடு முழுக்க உள்ள மலைக் கோபுரங்களுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு அந்தக் கோபுரம் ஜெராய் மலை உச்சியில், 1,217 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீடோங்கிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர், வடமேற்குத் திசை. வாசலில் நின்றால் மலை தெரியும் என்றால், ஏரியலின் மூக்கு, அதாவது முன்முனை, அதைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த 96. டிகோடர் மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். பலம் என்பது எவ்வளவு அலை உள்ளே வருகிறது என்பது. தரம் என்பது வந்ததில் எவ்வளவு சரியாகப் படிக்க முடிகிறது என்பது. நீங்கள் தரத்தின் எண்ணை எழுதவில்லை. அது 20-க்குக் கீழே இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகினால் நாதஸ்வரம் கரகரப்பாகிவிடும் அல்லவா? பத்து கிலோமீட்டரில் இருக்கும் கோபுரத்துக்குப் பூஸ்டர் போட்டால் டிகோடருக்குள் நடப்பதும் அதுதான். அதோடு, பழைய மாதிரி பூஸ்டர்கள் டிவி அலையை மட்டும் பெருக்குவதில்லை. முன்பு டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி இப்போது 5ஜி கைப்பேசிக்குப் போய்விட்டது. பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தின் அலையையும் அந்தப் பெட்டி பெருக்கி உள்ளே தள்ளும்.

அதனால் இன்றே பூஸ்டரைக் கழற்றுங்கள். அதற்கு வரும் கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது. கரண்ட் இல்லாத பூஸ்டர் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், படம் சுத்தமாகப் போய்விடும். பூஸ்டருக்குள் நுழையும் கேபிளைப் பிடுங்கி, நேராக டிகோடரில் சொருகுங்கள். மெனுவில் ‘ஆண்டெனா பவர்’ என்றோ ‘5 வோல்ட்’ என்றோ இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

சென்ற ஆண்டு இதே வட்டாரத்தில் ஒரு லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெரியவர் மூங்கில் கழியில் ஏரியலைக் கட்டி, பூஸ்டருக்கு மழை படாமல் மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவ்வளவு அக்கறை. பலம் 98, தரம் 12. கேபிளை நேராகச் சொருகியதும் பலம் 71-க்கு இறங்கியது, தரம் 84-க்கு ஏறியது. பலம் குறைவதைப் பார்த்து அவர் முகம் வாடியது. படம் வந்த பிறகுதான் நம்பினார்.

சரி, பூஸ்டர் போடும் முன்பே உடைந்ததே, அது ஏன்? இரண்டு மாதத்துக்குள் தொடங்கிய கோளாறு என்பதால் என் சந்தேகம் கேபிள் மேல். டிகோடர் பக்க முனையில் ஒரு அங்குலம் வெட்டிப் பாருங்கள். நடுக்கம்பி பளிச்சென்ற செம்பு நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. ஏரியல் பக்கத்து முனையையும் இப்படியே பாருங்கள், தண்ணீர் பெரும்பாலும் அங்கிருந்துதான் நுழையும். அப்படியானால் ஒட்டுப் போடாதீர்கள், ஆர்ஜி6 என்ற வகை டிவி கேபிளைப் புதிதாக இழுங்கள். ஏரியலுக்குக் கீழே கேபிள் சிறிது தொங்கி வளைந்து மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஏரியலையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய ஒளிபரப்பில் டிவி 1, டிவி 2 இரண்டும் நீளக் கம்பி ஏரியலுக்கு வந்தன. அந்தப் பழைய முறை 2019 ஜூலை 21 அன்று லங்காவியில் முதலில் நிறுத்தப்பட்டு, அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்க முடிந்தது. இப்போதைய டிஜிட்டல் அலைக்குச் சாண் நீளக் குறுங்கம்பிகள் கொண்ட மீன்முள் ஏரியல் போதும். கம்பிகள் படுக்கையாக வேண்டுமா, நெட்டுக்குத்தாகவா என்பதைப் படம் நன்றாக வரும் அக்கம்பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏரியலைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் பயனில்லை.

திருப்பும்போது அவசரம் கூடாது. நான்கு விரல் அளவு திருப்பி, பத்து விநாடி பொறுத்து, தர எண்ணைப் பாருங்கள். டிஜிட்டலில் மங்கல் படம் என்று ஒன்று கிடையாது. தரம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முழுப் படம், அதற்குக் கீழே போனால் கட்டம், அப்புறம் வெறும் கறுப்பு. அதனால் கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு தரம் ஏறவில்லை என்றால் இரண்டு காரணங்கள் பாக்கி. ஒன்று, வீட்டுக்கும் மலைக்கும் நடுவே செம்பனை. நட்டபோது இடுப்பளவு இருந்தது பத்து ஆண்டில் கூரையைத் தாண்டிவிடும். நனைந்த மட்டைகள் இந்த அலையை நன்றாகவே விழுங்கும், காற்றில் ஆடும்போது படமும் ஆடும். மட்டைகளுக்கு இடையே மலை தெரியும் இடமாகப் பார்த்து ஏரியலை நகர்த்துங்கள். மற்றது, மலைக்குக் கிட்டத்தில் இருப்பதே. உச்சியில் இருக்கும் கோபுரம் தூரத்து ஊர்களை நோக்கித்தான் அலையை வீசும். அடிவாரத்தில் அது திட்டுத்திட்டாக விழும், இங்கே நன்றாக இருந்து நாலடி தள்ளிக் குறைந்திருக்கும். இதற்கும் மருந்து நகர்த்திப் பார்ப்பதுதான்.

மலையில் மேகம் மூடினால் படம் போகும் என்று சொல்வார்கள். இந்த அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. கனமழையில் தடுமாறுவது டிஷ்தான், அதற்கு வரும் அலை பல மடங்கு உயர்ந்த அலைவரிசை. உண்மையாகவே மலை மறைக்கும் வீடுகளுக்கு நான் டிஷ்ஷைச் சொல்வேன், 2012-இல் வந்த அஸ்ட்ரோவின் என்ஜோய் போல மாதக் கட்டணம் இல்லாததாக. உங்கள் வீடு அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டத்துப் பெரியவர்கள் தமிழில் நாட்டு நடப்பைக் காசு கொடுக்காமல் பார்க்கிற ஒரு வழி டிவி 2. அது அவர்கள் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

பூஸ்டரைக் கழற்றிய பிறகு பலம் எவ்வளவு, தரம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். பலம் அப்போதும் 95-க்கு மேல் நின்று தரம் ஏறாமல் இருந்தால், சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றைக் கேபிள் முனையில் சொருக வேண்டியிருக்கும். விரல் நீளப் பொருள், 10 டெசிபல் என்று கேட்டு வாங்குங்கள்.