பின் டிஃபரன்சல் முனகினால் முதலில் ஒயிலைப் பாருங்கள்

கேள்வி (ஒட்டுசுட்டான்): என்னிடம் இருப்பது 2004 ஹொண்டா சி.ஆர்.வி, நாலு சில்லும் இழுக்கிற வகை. ஸ்டேரிங்கை முழுக்க வெட்டி வளவுக்குள் திருப்பும்போது பின்பக்க அடியிலிருந்து முனகல் சத்தம் வருகிறது. நேரே ஓடினால் ஒன்றுமில்லை. ஒரு கராஜில் டிஃபரன்சலையே மாற்றச் சொல்கிறார்கள், கழித்த வாகனத்தில் எடுத்த ஒன்று கைவசம் இருக்கிறதாம். இன்னொருவர் ஒயிலை மாற்றிப் பார் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: ஒயிலை மாற்றச் சொன்னவர் பக்கம்தான் நாங்கள். இந்த வாகனத்தின் பின் டிஃபரன்சலுக்குள் (பின் சில்லு இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டி) இரண்டு சிறிய ஒயில் பம்புகளும் ஒரு கிளச் தகட்டு அடுக்கும் இருக்கின்றன. ஒரு பம்பை முன் சில்லுகளின் வேகமும் மற்றதைப் பின் சில்லுகளின் வேகமும் சுற்றுகின்றன. முன் சில்லு வழுக்கி வேகமாகச் சுற்றினால் இரண்டுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் வந்து கிளச் பிடிக்கும், பின் சில்லும் இழுக்கும். குறுக வெட்டித் திருப்பும்போதும் முன் சில்லு பின் சில்லைவிடக் கூடிய தூரம் போவதால் கிளச் இலேசாகத் தொடும். ஒயில் பழுதாகியிருந்தால் தகடுகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும். அந்த நடுக்கம்தான் உங்களுக்குக் கேட்கிற முனகல். நேரோட்டத்தில், வேகம் கூடக் கூட இரைகிற சத்தம் என்றால் அது பெயாரிங் அல்லது பல்லுச் சக்கரத்தின் கதை. உங்களுடையது அதுவல்ல.

வாங்கும்போது பிழைத்தால் மற்ற எல்லாம் வீண். இதற்குப் போட வேண்டியது ஹொண்டாவின் டுவல் பம்ப் ஃபுளூயிட். கடையில் 'சாதாரண கியர் ஒயிலான 80டபிள்யூ-90 ஜிஎல்-5 போடலாம், டிஃபரன்சல் ஒயில் எல்லாம் ஒன்றுதான்' என்பார்கள். லொறிக்கும் பிக்கப்புக்கும் அது நல்ல ஒயில், இந்தக் கிளச்சுக்கு அல்ல. முனகல் கூடும். கொள்ளளவு ஏறத்தாழ 1 லீற்றர். அமெரிக்கச் சந்தைக்கான கான்களில் 946 மில்லிலீற்றர்தான் இருக்கும் என்பதால் ஒரு கானை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். முனகுகிற வாகனத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டி வரலாம், ஆகவே இரண்டு லீற்றருக்குக் குறையாமல் வாங்குங்கள். கூடவே இரண்டு பிளக்குகளுக்கும் புது வோஷர். செஸி இலக்கத்தைக் காட்டி வாங்கினால் அளவு பிழைக்காது.

ஆயுதம் அதிகம் வேண்டாம். பிளக்கின் நடுவே உள்ள சதுரக் குழிக்குள் 3/8 அங்குல ராட்செட் சொக்கற் இல்லாமலே நேராக இருக்கும். ஒயில் ஏற்ற, ரியூப் பூட்டிய பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி ஒயிலைச் சூடாக்குங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள். சி.ஆர்.வியின் அடியில் பலர் ஜக் வைக்காமலே படுத்துச் செய்துவிடலாம், அதுவே நல்லது. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஒயில் மட்டம் பிழையாகக் காட்டும். தூக்கத்தான் வேண்டும் என்றால் நாலு மூலையையும் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். மணல் வளவில் ஸ்டாண்டின் கால் புதையும், அடியில் அகலமான முதிரைப் பலகை போடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஒரு பக்கச் சில்லுகள் தரையில் நிற்க எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியரில் போடவும் கூடாது. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

பிளக்கைச் சுற்றி அப்பியிருக்கும் செம்மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் துணியால் துடையுங்கள். சதுரக் குழிக்குள்ளும் சேறு இறுகியிருக்கும், அதைக் கிண்டி எடுக்காமல் ராட்செட்டைச் செருகினால் மூலை உருண்டுவிடும். பிறகு மேலே உள்ள ஏற்றுகிற பிளக்கை முதலில் கழற்றுங்கள். அதுவரை கீழே உள்ள வடிக்கிற பிளக்கைத் தொட வேண்டாம். கீழால் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் இறுகிக் கிடப்பதைக் கண்டால், ஒயில் இல்லாத வாகனத்தோடு வளவில் நிற்பீர்கள். மேல் பிளக் அசையாவிட்டால் துரு இளக்கும் ஒயில் அடித்து ஒரு இரவு விட்டு, ராட்செட் பிடியில் பைப் துண்டு மாட்டி மெதுவாக முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், பழைய ஒயிலோடு கராஜ் வரைக்கும் ஓடலாம்.

மேல் பிளக் கழன்றதும் கீழ்ப் பிளக்கையும் கழற்றி, வடிந்த ஒயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் வயது. பிளக்கின் நுனியில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழமையான தேய்வு. ஊசி போலவோ தகடு போலவோ இரும்புத் துண்டு வந்தால்தான் அந்த முதல் கராஜ்காரரின் பேச்சுக்கு இடமுண்டு.

சொட்டு நின்றதும் புது வோஷரோடு கீழ்ப் பிளக்கைப் பூட்டி, மேல் துவாரத்தால் ஒயில் வழியத் தொடங்கும் வரை ஏற்றி மூடுங்கள். இறுக்கம் 47 நியூட்டன் மீற்றர். டோர்க் ரென்ச் இல்லாவிட்டால், 20 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் 24 கிலோ பாரம் தொங்குகிற அளவு என்று கணக்கு வையுங்கள். உறை அலுமினியம், பலசாலித்தனம் காட்டினால் புரி போய்விடும்.

பிறகு வெறும் மைதானத்தில் எட்டுப் போட்டு, இடமும் வலமுமாகச் சில சுற்று மெதுவாக ஓட்டுங்கள். தகட்டுக்கிடையில் நிற்கும் பழைய ஒயில் கலந்து வரும். முனகல் மிச்சம் இருந்தால் இரண்டாம் முறை மாற்றுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால்தான் கழித்த டிஃபரன்சலுக்கு விலை பேசலாம். முன் டிஃபரன்சலைத் தேடி அலைய வேண்டாம், அது கியர்பொக்ஸுக்குள்ளேயே கியர்பொக்ஸ் ஒயிலில்தான் ஓடுகிறது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மழைக்கு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது ஹைலக்ஸைக் கொண்டு கடந்தேன். டிஃபரன்சல் ஒயில் மாற்ற வேண்டுமா?

பதில்: தண்ணீர் அக்சில் மட்டத்துக்கு வந்திருந்தால் கட்டாயம் பாருங்கள். ஓடிச் சூடான டிஃபரன்சல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதர், அதாவது டிஃபரன்சலின் காற்றுத் துவாரம், மண் பிடித்து அடைத்திருந்தால் சீல் வழியாகவே நீரை இழுக்கும். நந்திக்கடல் நீரில் உப்பும் இருக்கிறது. அது பெயாரிங்கைத் தின்ன நாள் எடுக்காது.

ஒரு இரவு வாகனத்தை நிறுத்திவையுங்கள். நீர் ஒயிலைவிடக் கனம், அடியில் தங்கும். காலையில் கீழ்ப் பிளக்கைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் வருவது நீரா ஒயிலா என்று தெரியும். பால் தேநீர் நிறமென்றால் முழுவதும் வடித்து மாற்றி, நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் ஒரு தடவை மாற்றுங்கள். நாலு சில்லும் இழுக்கிற வகை என்றால் முன் டிஃபரன்சலையும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் மறக்க வேண்டாம். பழைய ஹைலக்ஸ் கைநூல்கள் ஜிஎல்-5, எஸ்ஏஈ 90 என்கின்றன. புதியவற்றுக்கு மெல்லிய ஒயில் சொல்லியிருக்கலாம், உங்கள் கைநூலைப் பாருங்கள். பிரீதரைக் கழற்றிக் கழுவாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் அடுத்த வெள்ளத்துக்கும் இதே கதைதான்.

கேள்வி (செட்டிகுளம்): மலிவாக ஒரு கான் கியர் ஒயில் கிடைத்தது. மூடி வளையம் அறுந்திருக்கிறது, கடைக்காரர் பில் தர மறுக்கிறார். மிச்சத்தை மனுவல் கியர்பொக்ஸுக்கும் ஊற்றலாமா?

பதில்: முதலாவதை வாங்கவே வேண்டாம். மூடி வளையம் அறாமல், வாயில் தகட்டுச் சீல் ஒட்டி, கானில் பட்ச் இலக்கம் அழியாமல் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். இரண்டாவதற்கும் இல்லை என்பதே பதில். ஜிஎல்-4 தர ஒயில் கேட்கும் கியர்பொக்ஸில் ஜிஎல்-5 போனால், அதன் கந்தகச் சேர்க்கை, கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

கேள்வி (நெடுங்கேணி): வடித்த ஒயிலைக் கறையானுக்கு வேலிக் கட்டைகளில் பூசலாமா?

பதில்: ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் மழையோடு அது மண்ணுக்குள் இறங்கும், வன்னியில் பாதி வளவுகளில் கிணறு வேலியோரம்தான். ஒயில் வந்த கானிலேயே திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய ஒயில் சேர்க்கிற சேர்விஸ் ஸ்டேசனில் கொடுங்கள்.