விடுப்பு விண்ணப்பத்துக்குள் ஓர் ஒப்பந்தத் தேதி

கேள்வி: ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் நல்லவர். ஆனால் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், நான் எப்போதோ அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, அதற்குப் பதில் எழுதுவதுபோலப் புது விஷயத்தை எழுதி அனுப்பிவிடுவார். சென்ற மாதம் 'விடுப்பு விண்ணப்பம்' என்ற தலைப்பின் கீழ் ஓர் ஒப்பந்தத்தின் கடைசித் தேதி வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. தேதி தாண்டிப்போய், பழி என் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, பாதி முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் எடுக்கப்படுகின்றன. என் இன்பாக்ஸில் 4,000 அஞ்சல்களுக்கு மேல் கிடக்கின்றன. 23 கோப்புறைகள் போட்டுப் பார்த்தும் பயனில்லை. எனக்குத்தான் அடுக்கத் தெரியவில்லையா? மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

அடுக்கத் தெரியாதது உங்கள் குறை அல்ல. விடுப்பையும் ஒப்பந்தத்தையும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்குமாக ஒருவர் முடிச்சுப் போட்டு அனுப்பினால், பெறுபவர் 230 கோப்புறைகள் வைத்திருந்தாலும் அந்த அஞ்சல் தவறான இடத்தில்தான் போய் உட்காரும்.

கோப்புறைகளை நினைத்து வருந்தவும் வேண்டாம். 2011-இல் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள், மின்னஞ்சலை நெடுநாள் பயன்படுத்திவந்த 345 பேர் பழைய அஞ்சல்களை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். மெனக்கெட்டுக் கோப்புறை பிரித்து வைத்தவர்களுக்கு அதனால் தேடல் எளிதாகிவிடவில்லை. தேடல் கட்டமும், ஒரே உரையாடலை ஓர் இழையாகக் கோத்துக் காட்டும் வசதியும்தான் கைகொடுத்தன. ஆகவே பழைய அஞ்சல்களை மொத்தமாக 'காப்பகம்' என்ற ஒரே இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். தனியாக வைக்க வேண்டியவை இரண்டே வகை: நீங்கள் பதில் சொல்ல வேண்டியவை, பிறர் பதிலுக்காக நீங்கள் காத்திருப்பவை. மற்றவற்றைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தேடலும் இழையும் பலன் தர வேண்டுமென்றால், எழுதும்போதே அஞ்சல் ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இழை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நம் கண்ணில் படாத ஓர் அடையாள எண் உண்டு. நீங்கள் 'பதில்' பொத்தானை அழுத்தியதும், மூல அஞ்சலின் அந்த எண்ணை மென்பொருள் உங்கள் பதிலின் முகப்பில் எழுதிவிடுகிறது. 'இது இன்ன அஞ்சலுக்குப் பதில்' என்று ஒரு வரி, 'இந்த உரையாடலில் முன்பு வந்தவை இவை' என்று இன்னொரு வரி. 1982-இல் வந்த மின்னஞ்சல் தர வரையறையிலேயே இவற்றுக்கு இடம் உண்டு. பெறுபவரின் மென்பொருள் இந்த எண்களைப் பார்த்துத்தான் அஞ்சல்களைக் கோக்கிறது.

எனவே பழைய அஞ்சலைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து, தலைப்பையும் மாற்றிப் புது விஷயம் எழுதினாலும், அந்த எண் போகாது. ஜிமெயில் தலைப்பு மாறியதைக் கண்டு தனி இழையாகப் பிரித்துவிடும். (ஓர் இழையில் 100 அஞ்சல்களைத் தாண்டினாலும் அது பிரித்துவிடும்.) தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களோ எண்ணை நம்புபவை, தலைப்பு மாறினாலும் பழைய இழையின் அடியிலேயே தொங்கவிடும். உங்களுக்குச் சரியாகத் தெரிவது சக ஊழியருக்குப் புதைந்து தெரிவதற்கு இதுதான் காரணம். புது விஷயம் என்றால் புது அஞ்சல். தலைப்பை மட்டும் மாற்றிச் சமாளிப்பது பாதிக் கிணறு தாண்டுவது.

இனி உங்கள் மேலாளர். பூனைக்கு மணி கட்டுவது எப்படி என்று கேட்கிறீர்கள். மணியே தேவைப்படாமல் போகலாம். அவர் ஏன் பழைய அஞ்சலைத் திறக்கிறார் என்று யோசித்தீர்களா? சோம்பலோ அலட்சியமோ அல்ல என்று நினைக்கிறேன். அதில் ஐந்து பேரின் முகவரியும் தயாராக இருக்கிறது! பழைய அஞ்சல்தான் அவருடைய முகவரிப் புத்தகம். ஐந்து பேரையும் ஒரு தொடர்புக் குழுவாக அவருடைய கணக்கில் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு எழுத்து தட்டினால் ஐந்து முகவரியும் வந்து நிற்கும் என்று ஒருமுறை காட்டுங்கள். அதை உதவியாகத்தான் எடுத்துக்கொள்வார். குறை சொன்னதாக நினைக்க மாட்டார்.

அதன் பிறகும் அவர் பழைய வழக்கத்துக்குப் போனால் (போவார், கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது), அதே இழையில் பதில் எழுதாதீர்கள். புதிய அஞ்சலைத் திறந்து அவர் எழுதிய வரிகளை அதில் ஒட்டி, இப்படி அனுப்புங்கள்:

பொருள்: அச்சக ஒப்பந்தம் – 14-ஆம் தேதிக்குள் கையெழுத்து தேவை

"ஐயா, தாங்கள் இன்று காலை எழுதிய ஒப்பந்த விவரத்தைக் கீழே தந்திருக்கிறேன். பின்னால் தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தனி அஞ்சலாக அனுப்புகிறேன். வரைவை 11-ஆம் தேதி தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்."

புகாரும் இல்லை, பாடமும் இல்லை. அடுத்த பதிலை எல்லோரும் இந்த இழையில்தான் எழுதுவார்கள். சில வாரங்களில் அவரே புது அஞ்சல் திறக்கத் தொடங்கலாம். தொடங்காவிட்டாலும், தேதி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தலைப்பு வரியைப் பாருங்கள். எந்த விஷயம், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள்: மூன்றும் அதிலேயே இருக்கின்றன. 'முக்கியம்', 'அவசரம்', 'ஒரு சிறு விஷயம்' என்றெல்லாம் தலைப்பு வைப்பவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து 'முக்கியம்' என்று தேடினால் என்ன கிடைக்கும்? அஞ்சலின் தலைப்பு அதன் உள்ளடக்கத்தைக் காட்ட வேண்டும் என்று 1995-இல் வெளியான இணைய நாகரிக வழிகாட்டியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகியும் தலைப்பே இல்லாத அஞ்சல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பதில் எழுதும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். "கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமா, அல்லது திட்டமிட்டபடி நடத்தலாமா? அறிக்கையை யார் படிப்பது?" என்று கேட்டால், "சரி" என்று பதில் வரும். எது சரி? கேள்விகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எண் போட்டுக் கேளுங்கள். நீங்கள் பதில் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே எழுதுங்கள். தேவையில்லாத பழைய பகுதியை வெட்டிவிடுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில் என் கட்சி கொஞ்சம் கறாரானது. 'பெறுநர்' கட்டத்தில் வேலை செய்ய வேண்டியவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் சி.சி.யில். ஐந்து பேரையும் பெறுநராகப் போட்டால், 'மற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று ஐந்து பேரும் இருந்துவிடுவார்கள். பி.சி.சி. என்பது ஒருவரையொருவர் அறியாத பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை மறைத்துக் காப்பதற்கு. சக ஊழியருக்கு எழுதும் அஞ்சலை மேலாளருக்குக் கமுக்கமாகக் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவது அசிங்கம், ஆபத்தும்கூட. மறைவில் இருப்பவர் மறந்துபோய் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தினால் குட்டு உடைந்துவிடும்.

அந்தப் பொத்தான் செய்த அட்டகாசத்துக்கு ஓர் உதாரணம்: 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை அஞ்சல் தவறுதலாகச் சுமார் 8,40,000 பேருக்குப் போய்விட்டது. "எனக்கு ஏன் இது வந்தது?", "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று பலர் எழுதினார்கள், எல்லோருக்கும்! அஞ்சல் சேவையே திணறிப்போனது. பெரிய நிறுவனங்களில் இத்தகைய புயலைத் தடுக்க 2020-இல் மைக்ரோசாஃப்ட் தன் அஞ்சல் சேவையில் தனி ஏற்பாடே செய்தது. ஐந்து பேர் குழுவில் புயல் அடிக்காது என்றாலும், "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லை ஐந்து பேரும் ஐந்து பேருக்கும் அனுப்பும்போது உங்கள் 4,000 எப்படிச் சேர்ந்தது என்பது விளங்கும்.

கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இறுதி', 'இறுதி-2', 'உண்மையான இறுதி' என்று அனுப்பாமல், பொது இடத்தில் ஒரே கோப்பை வைத்து அதன் இணைய முகவரியை அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பைத் திட்டிப் பயனில்லை. அது பேச்சுக்கு ஏற்ற இடம், பதிவேட்டுக்கு ஏற்றதல்ல. செய்தியைக் குழுவின் உச்சியில் பொருத்தி வைத்தாலும் அதிகபட்சம் 30 நாள்கள்தான் நிற்கும். ஆகவே எங்கே வேண்டுமானாலும் பேசட்டும். முடிவு எடுத்ததும் யாராவது ஒருவர் அதை மின்னஞ்சலில் மூன்று வரியாக எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் முடிவுகளை எழுதிவைப்பவர் மீது பழி போடுவது எளிதல்ல.

குழுவுக்குள்ளும் சின்னச் சின்ன ஒழுங்குகள் உதவும். எந்தச் செய்திக்குப் பதிலோ அதைத் தொட்டு இழுத்து அதற்கே பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மேலே நடந்த மூன்று பேச்சுகளில் உங்கள் "ஆமாம்" எதைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. "வணக்கம்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதில் வணக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வணக்கத்தோடு விஷயத்தையும் சேர்த்தே அனுப்பலாம். ஒரு வாக்கியத்தை ஐந்து துண்டாக அனுப்பினால் எதிராளியின் கைப்பேசி ஐந்து முறை ஒலிக்கும். எழுத்துப் பிழை வந்தால் 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். அதற்காகத் தனிச் செய்தி வேண்டாம்.

கடைசியாக, தவறிப்போன அந்த ஒப்பந்தத் தேதி. தன்னிலை விளக்கம் எழுதலாமா என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மேலாளரின் பழைய அஞ்சலைப் படம் பிடித்து இணைத்து, மற்ற நால்வரையும் சி.சி.யில் வைத்து எழுதாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், எல்லோர் முன்னாலும் அவரைக் கூண்டில் ஏற்றியதாகவே அது படிக்கப்படும். நேரில் போய், "அந்த விவரம் விடுப்பு அஞ்சலின் அடியில் இருந்ததால் என் கண்ணில் படவில்லை, இனி தேதி உள்ளவற்றைத் தனி அஞ்சலாக மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். தொடர்புக் குழுவை அமைத்துக் கொடுப்பதையும் அந்தப் பேச்சோடு பேச்சாக முடித்துவிடலாம்.