மசாலா பேக்கிங் மெஷினுக்கு எந்த மொழியில் ப்ரோகிராம் எழுதுவது?

கேள்வி: அண்ணா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஃபீனிக்ஸில் மாமா நடத்திவந்த மசாலா ஃபாக்டரியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். தூளை அளந்து கொட்டும் ஃபில்லர், பவுச்சை ஒட்டும் சீலர், தேதி அடிக்கும் பிரிண்டர், கன்வேயர் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஎல்சி (மெஷின்களை ஓட்டுவதற்கென்றே உள்ள கம்ப்யூட்டர்) ஓட்டுகிறது. அதற்கு ப்ரோகிராம் எழுதியவர் ஊரைவிட்டே போய்விட்டார், எங்களிடம் நகல் எதுவும் இல்லை. கரண்ட் போய் வந்தால் மெஷின் விட்ட இடத்திலிருந்து தானாக ஓடத் தொடங்குகிறது. அரைகுறையாக நிரம்பிய பவுச்சும் சரியாக ஒட்டாத பவுச்சும் வந்து விழுகின்றன. கம்ப்யூட்டர் படித்த என் அக்கா மகன், எல்லாவற்றையும் ராஸ்பெர்ரி பை என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டில், பைத்தான் என்கிற ப்ரோகிராம் மொழியில் எழுதிவிடலாம் என்கிறான். எங்களிடம் 14 வகை மசாலா இருப்பதால், சூப்பர்வைசரே எழுதுகிற மாதிரி ஒரு சின்ன மொழியை உருவாக்கலாம் என்றும் சொல்கிறான். செய்யலாமா?

பதில்: தம்பி, உங்கள் அக்கா மகனின் இரண்டு யோசனைகளில் சின்ன மொழி நல்ல யோசனை. பைத்தானும் நல்லதுதான், அவன் அதை வைக்கிற இடம்தான் தப்பு. மோட்டார், ஹீட்டர், பவுச்சைச் சூடாக அழுத்தி ஒட்டும் சீலர் தாடை ஆகியவற்றை பிஎல்சியே ஓட்டட்டும். எந்த மசாலாவுக்கு எத்தனை கிராம், இன்று எத்தனை பவுச் போட்டோம் என்ற கணக்கெல்லாம் மேலே இருக்கும் கம்ப்யூட்டரில் பைத்தானில் இருக்கட்டும்.

காரணம் வேகமில்லை, நேரம் தவறாமைதான். பிஎல்சி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. எல்லா சென்சார்களையும் ஒரு தடவை படிக்கும், ப்ரோகிராமை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை ஓட்டும், வெளியே போகிற சிக்னல்களை எழுதும், பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குப் பத்து மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் உள்ளே இருக்கும் காவல் டைமர் மெஷினை நிறுத்திவிடும். ராஸ்பெர்ரி பையில் ஓடுகிற லினக்ஸ் அப்படி எந்த வாக்கும் தருவதில்லை. ஆயிரம் தடவை சரியாக வரும், ஆயிரத்தோராவது தடவை வேறு வேலையைப் பார்த்துவிட்டு 50 மில்லி விநாடி தாமதமாக வரும். உங்கள் ஃபில்லரின் திருகு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 5 கிராம் தள்ளுகிறது என்றால் அந்த 50 மில்லி விநாடியில் அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றி இரண்டரை கிராம் அதிகமாகக் கொட்டிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரும் கவனிக்காத தாமதம் இங்கே தராசில் தெரியும்.

இன்னொன்று, அந்தச் சின்ன போர்டு மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். அப்புறம் போர்டு எழுந்திருக்காது. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் (அட்டவணை போட்டுக் கரண்ட்டை வெட்டுவது) பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது என்றாலும், கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் உங்களுக்குத் தெரியாததில்லை. நம் ஊரில் மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதுகிறவர் கரண்ட் போவதை விபத்தாக நினைக்கக் கூடாது. தினம் நடக்கிற சங்கதியாக நினைத்துத்தான் எழுத வேண்டும்.

இனி எந்த மொழி என்பதற்கு வருகிறேன். பிஎல்சிக்கு ஒரு பிறந்த கதை உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பாக்ஸ் பிரிவு, சுவர் முழுக்க நிற்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பேனல்களுக்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்தப் பேனல்களின் வயரிங்கை முழுக்கப் பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. ரிச்சர்ட் மோர்லியும் கூட்டாளிகளும் மோடிகான் 084ஐச் செய்தார்கள். அவர்கள் எடுத்த 84ஆவது வேலை அது என்பதால் அந்தப் பெயர். அதை ஓட்ட அவர்கள் கம்ப்யூட்டர்காரர்களின் மொழியைக் கொடுக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஏணி வடிவ ரிலே வரைபடத்தையே மொழியாக்கிவிட்டார்கள். ராத்திரி பேனலைத் திறந்து நிற்கப்போகிறவர் யாரோ அவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தத் துறையில் ஒரு மொழியை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இன்றைக்கும் அதுதான்.

பிஎல்சி மொழிகளுக்கான சர்வதேசத் தரம், ஐஇசி 61131-3, 1993இல் வந்தது. அதில் ஐந்து மொழிகள். அவற்றில் வரிக்கு ஒரு கட்டளை எழுதும் இன்ஸ்ட்ரக்‌ஷன் லிஸ்டை 2013 பதிப்பிலேயே ஓரங்கட்டிவிட்டார்கள், அதைத் தொடவே வேண்டாம். உங்களுக்குத் தேவை மூன்று. ‘இது மூடியிருந்தால்தான் அது ஓடலாம்’ என்கிற தடைகளை லாடரில், அதாவது அந்த ஏணிப் படத்தில், எழுதுங்கள். எலெக்ட்ரீஷியன் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். கணக்குகளை, வரிவரியாக எழுதும் ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டில் எழுதுங்கள். பைத்தான் தெரிந்த பையனுக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிடும். வேலையின் வரிசையை, அதாவது பவுச் வந்தது, நிரப்பு, ஒட்டு, தள்ளு என்பதை, எஸ்எஃப்சி என்கிற படிவரிசைப் படத்தில் வரையுங்கள். பிரான்ஸில் 1977இல் உருவான கிராஃப்செட்தான் அதன் மூலம். இப்போது எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படிக்குப் போக என்ன வேண்டும் என்பது திரையிலேயே தெரியும்.

மொழியைவிட முக்கியமானது ‘நிலை’. உங்கள் மெஷின் எந்த நொடியிலும் ஒரே ஒரு நிலையில்தான் இருக்க வேண்டும்: நின்றிருக்கிறது, சூடேறுகிறது, தயார், ஓடுகிறது, இடைநிறுத்தம், கோளாறு. பேக்கிங் மெஷின்களுக்கென்றே பேக்எம்எல் என்று ஒரு வழிமுறை இருக்கிறது, அதில் 17 நிலைகள். உங்களுக்கு ஏழு போதும். அந்த ஏழாவதைத்தான் உங்கள் பழைய ப்ரோகிராமில் யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்: கரண்ட் திரும்பி வந்ததும் போய் நிற்க வேண்டிய ‘சோதனை’ நிலை.

நீங்கள் சொல்வதிலிருந்து நான் ஊகிப்பது இது. பிஎல்சியில் சில விவரங்களைக் கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் வைக்கலாம். எழுதியவர் ‘ஓடுகிறது’ என்ற குறியையும் படி எண்ணையும் அந்த இடத்தில் வைத்துவிட்டார். ஆனால் திருகு எத்தனை சுற்று சுற்றியது என்ற எண்ணிக்கையை வைக்கவில்லை. அதனால் மெஷினுக்குத் தான் நிரப்பிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, எவ்வளவு நிரப்பினோம் என்பது நினைவில்லை. கரண்ட் இல்லாத அந்த இடைவெளியில் சீலர் தாடை ஆறிப்போயிருக்கிறது. அதையும் யாரும் கேட்கவில்லை, ஆறிய தாடையால் ஒட்டிக்கொண்டே போகிறது.

எதை நினைவில் வைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி முடிவுசெய்யுங்கள். எந்த மசாலா, எந்தத் தொகுதி எண், இதுவரை எத்தனை பவுச் என்பவை இருக்கட்டும். ‘ஓடுகிறது’ என்பதும் படி எண்ணும் அழிந்தே போகட்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்வது சில தொழில்களில் அவசியம். உலையில் பாதி உருகிய உலோகத்தை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். நூறு கிராம் மசாலாவுக்கு அது தேவையில்லை. ஃபில்லருக்குக் கீழே நின்ற பவுச்சையும் தாடையில் மாட்டிய பவுச்சையும் எடுத்து ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கரண்ட் வந்ததும் எல்லா வெளியீடும் அணைந்திருக்க வேண்டும். தாடை திறந்திருக்கிறதா, சூடு போதுமா, கீழே பவுச் இல்லையே என்று மூன்றையும் ப்ரோகிராம் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒருவர் ரீசெட் அழுத்த வேண்டும். அப்புறம் தனியாக ஸ்டார்ட் பட்டன். இரண்டையும் ஒரே பட்டனாக்கிவிடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டில் நிரப்பும் ஆலைக்கு நான் எழுதிய ப்ரோகிராமில் இதே தப்பைச் செய்தேன். விடியற்காலையில் கரண்ட் திரும்பியபோது கன்வேயர் தானாக ஓடத் தொடங்கியது. பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கையை எடுத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அவருடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எமர்ஜென்சி ஸ்டாப்பும் சீலர் கதவின் ஸ்விட்சும் பைத்தானிலும் வேண்டாம், சாதாரண பிஎல்சி ப்ரோகிராமிலும் வேண்டாம். இரட்டை வயரில் சேஃப்டி ரிலே (பாதுகாப்புக்கென்றே உள்ள தனி ரிலே) போட்டு, அதுவே மோட்டாருக்கும் தாடைக்கும் போகிற சக்தியை வெட்ட வேண்டும். ப்ரோகிராமுக்கு ‘அழுத்தியாயிற்று’ என்ற செய்தி மட்டும் போனால் போதும். நம் நாட்டில் 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை செய்யும் இடம் ஆபத்தில்லாமல் இருப்பது முதலாளியின் பொறுப்பு. இப்போது அந்த முதலாளி நீங்கள்.

ஒவ்வொரு படியிலும் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்: எதிர்பார்த்தது வராவிட்டால்? தாடையை மூடச் சொன்னோம், மூடியதாக சென்சார் இரண்டு விநாடிக்குள் சொல்லவில்லை என்றால் கோளாறு நிலைக்குப் போக வேண்டும். திரையில் ‘கோளாறு 37’ என்று காட்டினால் யாருக்கும் பயனில்லை. ‘சீலர் தாடை மூடவில்லை, இடது சென்சாரைப் பாருங்கள்’ என்று வரட்டும். அதை இங்கிலீஷில் மட்டும் எழுதாமல், ராத்திரி ஷிப்டில் நிற்பவர்களின் மொழியான இசிசூலுவிலும் (சூலு மொழி) எழுதுங்கள். மொழிபெயர்ப்பை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். அந்தப் பாகத்தை அவர்கள் என்ன பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பது அகராதியில் இருக்காது.

சரி, சின்ன மொழி. இதைப் பையன் சொன்னதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மெஷின் எப்படி ஓடும் என்பதையும் எந்தச் சரக்கை ஓட்டுகிறோம் என்பதையும் பிரித்து வைப்பது பெரிய ஆலைகளின் வழக்கம். தொகுதி தொகுதியாகச் சரக்கு செய்யும் ஆலைகளுக்காக 1995இல் வந்த ஐஎஸ்ஏ-88 தரத்தின் உயிரே அந்தப் பிரிவினைதான். உங்களுக்கு அது மிகவும் பொருந்தும், ஏனென்றால் தூளுக்குத் தூள் குணம் மாறும். மஞ்சள்தூள் ஒரு மாதிரி விழும், எண்ணெய்ப் பசையுள்ள மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டு வேறு மாதிரி விழும். உங்கள் மதர்-இன்-லா மசாலாவுக்கும் (டர்பனின் காரமான கறிமசாலா) பிரியாணி மசாலாவுக்கும் திருகு ஒரே எண்ணிக்கை சுற்றினால் ஒரே எடை வராது.

ஆனால் அவன் மனதில் இருப்பது அநேகமாக இஃப், லூப், ஃபங்ஷன் எல்லாம் உள்ள முழு மொழி. அது வேண்டாம். சூப்பர்வைசர் எழுத வேண்டியது என்ன வேண்டும் என்பதை மட்டும்தான். எப்படிச் செய்வது என்பது பிஎல்சிக்குள் இருக்கட்டும். இந்த மாதிரி ஒரு குறிப்பு இருந்தால் போதும், எண்கள் உதாரணத்துக்குத்தான்:

சரக்கு: மிளகாய்த்தூள்
எடை: 100 கிராம்
ஒரு சுற்றுக்கு: 4.6 கிராம்
தாடைச் சூடு: 150 செல்சியஸ்
ஒட்டும் நேரம்: 0.8 விநாடி
எடைப் பிசகு: 2 கிராம் வரை

அளவின் பெயர் இல்லாத எண்ணை இந்த மொழி ஏற்கவே கூடாது. ‘100’ என்று மட்டும் எழுதினால் ‘100 என்ன?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. 150க்குப் பதில் 1500 என்று கை தவறினால், கோப்பைச் சேமிக்கும்போதே சிவப்பில் காட்ட வேண்டும். அதே எல்லையை பிஎல்சியும் தன் பங்குக்கு ஒரு தடவை பார்க்கட்டும். மேலிருந்து வருவதை அது நம்பவே வேண்டியதில்லை. இதில் லூப் இல்லாததால் ப்ரோகிராம் எங்கேயோ மாட்டிக்கொண்டு முடியாமல் ஓடுவது என்ற சங்கதியே கிடையாது. மொழியில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கும் நேரத்தைவிட எதைச் சேர்க்காமல் இருக்கலாம் என்று யோசிக்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

அனுப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆறு வரியில் மூன்று போய்ச் சேர்ந்தபோது கேபிள் கழன்றால், பாதி மிளகாய்த்தூளும் பாதி மல்லித்தூளுமாக ஒரு கலவை பிஎல்சிக்குள் உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் ஒரு காத்திருக்கும் இடத்தில் முழுவதையும் வாங்கி, எல்லாம் வந்ததா, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மெஷின் நின்றிருக்கும்போது மட்டும் மொத்தமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இணைப்புக்கு உங்கள் பிஎல்சியைப் பொறுத்து மோட்பஸ் அல்லது ஓபிசி யூஏ என்கிற தகவல் பரிமாற்ற முறை போதும். மேலே உள்ள கம்ப்யூட்டர் செத்தாலும் கையில் இருக்கும் கடைசிக் குறிப்பை வைத்து பிஎல்சி அன்றைய ஷிப்டை முடிக்க வேண்டும். பிஎல்சியை நேராக இன்டர்நெட்டில் மாட்டாதீர்கள்.

எழுதியதை நேரே மெஷினில் ஏற்றவும் வேண்டாம். கோட்சிஸ் போன்ற மென்பொருளில் மெஷின் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம், ஓப்பன்பிஎல்சி இலவசமாகவே கிடைக்கிறது. மேசையில் நாலு ஸ்விட்ச், நாலு விளக்கு வைத்துப் பழகட்டும். பிறகு மெஷினில், ஒவ்வொரு நிலையிலும் ஒரு தடவை கரண்ட்டை வெட்டிப் பாருங்கள்: நிரப்பும்போது, ஒட்டும்போது, தள்ளும்போது, புதிய குறிப்பு இறங்கும்போது. கையில் தாள் வைத்து ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இந்த ஒரு நாள் சோதனை உங்களுக்குப் பல மாதப் பவுச்சுகளை மிச்சப்படுத்தும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பழைய பிஎல்சிகள் பலவற்றில் ப்ரோகிராம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரி தீர்ந்திருக்கும்போது கரண்ட்டும் போனால் ப்ரோகிராமே போய்விடும், உங்களிடமோ நகல் இல்லை. அந்த மாடல் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் வராது, வெறும் முகவரிகள்தான் வரும். பரவாயில்லை, எந்த வயர் எந்த முகவரி என்று பேனலைப் பார்த்துப் பையன் உட்கார்ந்து எழுதட்டும். அந்த வேலையிலேயே பாதி மெஷின் அவனுக்குப் புரிந்துவிடும். நகல் எடுத்த பிறகு பேட்டரியை மாற்றுங்கள். மாற்றும்போது பிஎல்சிக்குக் கரண்ட் ஆனில் இருக்க வேண்டுமா என்பதை அந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் ஆனில்தான் இருக்க வேண்டும்.