புரை எடுத்த பிறகும் மங்கலாகத் தெரிகிறதே?

கேள்வி: எனக்கு வயது 63. தையல் வேலை செய்கிறேன். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது என்று சொல்லி, 12 நாட்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தார்கள். அதே நாளில் செய்துகொண்ட இன்னொருவர் கட்டைப் பிரித்த மறுநாளே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்கிறார். எனக்கோ காலையில் எழுந்ததும் பனிமூட்டம் போல இருக்கிறது; மதியத்துக்கு மேல்தான் கொஞ்சம் தெளிகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. காதுப் பக்க ஓரத்தில் பிறை மாதிரி ஒரு நிழல் தெரிகிறது. வெள்ளைத் துணி நீலம் பாய்ந்தது போலிருக்கிறது. பழைய கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது. வலியோ சிவப்போ இல்லை. ஆபரேஷன் சரியாக அமையவில்லையோ என்று பயமாக இருக்கிறது. பார்வை முழுதாகத் திரும்ப எத்தனை நாள் ஆகும்?

மருத்துவர் பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது வலியைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான். வலியும் சிவப்பும் இல்லை என்கிறீர்கள். மதியத்துக்கு மேல் தெளிகிறது என்கிறீர்கள். இரண்டுமே நல்ல செய்தி. கண்ணை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை, ஆறிவரும் கண்ணில் நாங்கள் அன்றாடம் பார்ப்பவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, சரியாகும் காலமும் வேறு. அதனால்தான் எத்தனை நாள் என்பதற்கு ஒரே எண்ணாகச் சொல்ல முடிவதில்லை.

காலைப் பனிமூட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கண்ணின் முன்பக்கத்தில் வாட்ச் கண்ணாடி போல வளைந்து, தெளிவாக இருக்கிற பகுதியைக் கருவிழி என்கிறோம். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக நுண்ணிய செல்கள் படிந்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரே வேலைதான்: கருவிழிக்குள் ஊறுகிற நீரை இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டே இருப்பது. இறைப்பு குறைந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கும், பார்வை மங்கும். புரையை உடைத்து உறிஞ்சி எடுக்க ஒலியலை பாயும் ஒரு மெல்லிய குழலைப் பயன்படுத்துகிறோம். இளம் புரை எளிதாகக் கரைந்துவிடும். முற்றிய புரை கெட்டியாக இருப்பதால் அதிக நேரமும் அதிக விசையும் தேவை. அந்த அதிர்ச்சியில் இந்தச் செல்கள் களைத்துப்போகின்றன.

சரி, காலையில் மட்டும் ஏன் அதிகம்? விழித்திருக்கும்போது கருவிழியின் நீர் காற்றில் ஆவியாகவும் போகிறது. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. இரவு முழுக்கத் தேங்கிய நீர், நீங்கள் கண்ணைத் திறந்து சில மணி நேரம் நடமாடிய பிறகுதான் வடிகிறது. உங்கள் கண் மதியத்தில் தெளிவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பலருக்குச் சில நாட்களிலும், உங்களைப் போல முற்றிய புரை எடுத்தவர்களுக்குச் சில வாரங்களிலும் இது வடிந்துவிடும். கூடச் செய்துகொண்டவருக்கு இளம் புரையாக இருந்திருக்கலாம். அவர் கண்ணோடு உங்கள் கண்ணை ஒப்பிடாதீர்கள், அம்மா. உங்கள் கண்ணின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுங்கள். போன வாரம் மதியம்வரை இருந்த மூட்டம் இந்த வாரம் பத்து மணிக்கே விலகுகிறதா? அப்படியானால் கண் சரியான பாதையில் போகிறது. பல நாட்களாக ஒரே நிலையில் நின்றாலோ, தெளிந்தது மறுபடி மங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெள்ளைத் துணியின் நீலம் இருக்கிறதே, அது குறையே இல்லை. வயதாக ஆக நம் இயற்கை லென்ஸ் பழுத்து மஞ்சளாகிறது. நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. இது பல வருடங்களில் மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. இப்போது அந்த மஞ்சள் திரை ஒரே நாளில் போய்விட்டது. ஒரு வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் விரித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பாருங்கள். இடது கண்ணில் அதே துணி பழுப்பேறினாற்போலத் தெரிய வாய்ப்பு உண்டு. உண்மையான வெள்ளைக்கு நெருக்கமாகக் காட்டுவது வலது கண்தான். ஓவியர் குளோட் மொனே 1923இல் புரை எடுத்துக்கொண்ட பிறகு, நிறங்கள் மாறித் தெரிவதாக முறையிட்டிருக்கிறார். உங்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் அதுவரை துணிக்கு நூல் நிறம் பொருத்தும்போது பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். இரண்டு கண்ணும் இரண்டு நிறம் சொல்லும் காலம் இது.

பிறை நிழலுக்கு வருகிறேன். இயற்கை லென்ஸ் ஏறக்குறைய 9, 10 மில்லிமீட்டர் அகலம். நாங்கள் வைக்கும் லென்ஸின் பார்க்கும் பகுதி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். அதன் ஓரத்தை ஒட்டி ஒளி விழும் விதத்தால் சிலருக்குக் காதுப் பக்கத்தில் இப்படி ஒரு நிழல் தெரியும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்களாகவே சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். அந்த நிழல் இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே நிற்கிறதா என்று தினமும் கவனியுங்கள். அது வளர்ந்து திரை இறங்குவது போல நடுப்பக்கம் வந்தாலும், இருட்டில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலும், திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும் விழித்திரை விலகத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். தூரத்தில் இருப்பது மங்கும் கிட்டப்பார்வைக் குறைக்காகக் கனமான கண்ணாடி போட்டு வந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நிழல் அப்படியே இருந்தாலும், அடுத்த முறை போகும்போது கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டு விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

ஊசியும் நூலும்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று புரிகிறது, பிழைப்பே அதில்தானே. சிகிச்சைக்கு முன்பே இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். இளம் வயதில் நம் லென்ஸ் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்ப வடிவத்தை மாற்றிக்கொள்ளும். செயற்கை லென்ஸ் அப்படி வளையாது. வழக்கமாக வைக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரு தூரத்தை மட்டுமே கூர்மையாகக் காட்டும், பெரும்பாலும் அது எட்டப் பார்வைக்குத்தான் கணக்கிடப்படும். அப்படியானால் ஊசிக் காது மங்கலாகத்தான் தெரியும். கிட்டப் பார்க்கக் கண்ணாடி தேவை. பல குவிய லென்ஸ் வைத்திருந்தால் கதை கொஞ்சம் வேறு, அதில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதுண்டு. உங்களுக்கு வைத்த லென்ஸின் வகையும் பவரும் எழுதிய ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கெட்டியான அட்டை ஒன்றை எடுத்து, ஊசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணுக்கு அருகில் அட்டையைப் பிடித்து, அந்தத் துளை வழியாகச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் எண்களைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு மங்கிய எண் துளை வழியாகத் தெளிந்தால், அந்த மங்கலில் பெரும்பகுதி கண்ணாடியால் சரியாகக்கூடியது. துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் கருவிழி வீக்கமோ விழித்திரையோ காரணமாக இருக்கலாம். இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பார்த்ததை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு மிகவும் உதவும்.

பழைய கண்ணாடியால் தலை சுற்றுவதில் வியப்பில்லை. வலது கண்ணின் பவர் மாறிவிட்டது, இடது கண் பழையபடியே இருக்கிறது. இரண்டு கண்ணும் இரண்டு அளவில் படம் அனுப்பினால் மூளை எதைத்தான் சேர்க்கும்? வலப்பக்க வில்லையை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடி போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள், சிலருக்கு அதுவே போதும். கிட்ட வேலைக்குத் தற்காலிகமாகக் கடையில் தயாராகக் கிடைக்கும் படிப்புக் கண்ணாடியைப் போட்டாலும் கண் கெடாது. நிரந்தரக் கண்ணாடிக்கு மட்டும் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். கருவிழி அடங்குவதற்குள் அளவெடுத்தால் அந்தக் கண்ணாடி ஒரு மாதத்தில் பொருந்தாமல் போகும், காசும் வீண். அப்புறம், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கியிருக்கும்போது ஆழம் சரியாகப் பிடிபடாது. நூல் கோப்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

சொட்டு மருந்தில் அலட்சியம் வேண்டாம். வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீராய்டு சொட்டைப் பொதுவாகச் சில வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவோம். தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் உள்ளே அழற்சி திரும்பலாம். எழுதிக் கொடுத்த காலம் முடிந்த பிறகும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணின் மடிப்பில் அதற்கு மேல் தங்காது, வழிந்துதான் போகும். குப்பியின் நுனி இமையில் படக் கூடாது. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி கொடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும்.

தைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். தைப்பதாலோ படிப்பதாலோ டிவி பார்ப்பதாலோ உள்ளே வைத்த லென்ஸ் நகராது, கண் தேயாது. உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறளும், மணல் விழுந்தது போல உறுத்தும், அவ்வளவுதான். நடுநடுவே நிறுத்தி நன்றாக இமையுங்கள். உறுத்தல் நீடித்தால் செயற்கைக் கண்ணீர் சொட்டு பற்றிக் கேளுங்கள். கண்ணைக் கசக்குவதுதான் ஆகாது. கசக்கவே கூடாது. நீச்சலும் கனமான பாரம் தூக்குவதும் மருத்துவர் சரி சொல்லும்வரை வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சிக்கல் இல்லாத கண்ணில் சில நாட்களிலேயே பெரிய முன்னேற்றம் தெரியும். பார்வை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். முற்றிய புரை என்றால் இரண்டு, மூன்று மாதம்கூட எடுக்கலாம். இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. புரை நன்றாக முற்றியிருக்கும்போது அதன் பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்பதை எங்களால் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. இப்போதுதான் வழி திறந்திருக்கிறது. அதனால் அடுத்த முறை போகும்போது, 'என் விழித்திரையும் பார்வை நரம்பும் எப்படி இருக்கின்றன?' என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரை நோயின் பாதிப்போ கண் அழுத்த நோயோ ஏற்கெனவே இருந்திருந்தால், பார்வை எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். உண்மை தெரிந்துவிட்டால் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நன்றாகத் தெளிந்த பார்வை நான்காவது வாரத்தில் இருந்து ஆறாவது வாரத்துக்குள் திரும்ப மங்கினால், விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். உங்கள் ஸ்கேலின் நேர் விளிம்பு நடுவில் நெளிந்து தெரிவது அதன் ஒரு அடையாளம். பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வற்றிவிடும். மாதங்கள், வருடங்கள் கழித்து மங்கினால், லென்ஸைத் தாங்கும் பின்சவ்வில் மங்கல் படர்ந்திருக்கலாம். சில நிமிட லேசர் போதும். புரை மறுபடி வளராது.

ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. வலி தொடங்கி ஏறிக்கொண்டே போவது, சிவப்பு கூடுவது, இமை வீங்குவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, இருந்த பார்வை குறைவது. இவற்றில் எது வந்தாலும் கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அரிதுதான், வந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வரும், பின்னாலும் வரலாம். ராத்திரியில் டாக்டரைத் தொந்தரவு செய்வானேன், விடியட்டும் என்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில மணி நேரத்தில் போன பார்வையைத் திருப்பித் தர முடியாமல் நின்றிருக்கிறேன். நீங்கள் தயங்க வேண்டாம் அம்மா. நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

இடது கண்ணை எப்போது செய்வது என்பதை, வலது கண் தெளிந்த பிறகு உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அங்கே புரை முற்றும்வரை விட்டுவைக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அளவெடுக்கும் நாளில் ஒரு ஊசியும் நூலும் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் நூல் கோக்கும்போது கை இருக்கும் தூரம் ஒன்று, தையல் மெஷினின் ஊசி இருக்கும் தூரம் இன்னொன்று. இரண்டையும் அங்கேயே பிடித்துக் காட்டி, அந்தத் தூரங்களுக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள்.